பத்துக்குள் பழகட்டும்: ஒன்றாம் வகுப்புக் கணக்குக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் முறை

எல்கேஜி, யுகேஜி படிக்கும் பிள்ளை ஒன்றிலிருந்து நூறு வரை தடங்கலில்லாமல் ஒப்பிப்பதைக் கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான். அதே பிள்ளையிடம் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்து, “இதுல ஏழு மட்டும் எடுத்துக் குடு கண்ணு” என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிப் பார்க்காமல் ஒரு கைப்பிடி அள்ளி நீட்டும் பிள்ளைகள் நிறைய உண்டு. அந்தப் பிள்ளைக்கு நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லை; ஏழு என்ற சொல் எந்த அளவைக் குறிக்கிறது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ஒன்றாம் வகுப்பில் கூட்டலும் கழித்தலும் தொடங்கும்போது திணறுபவர்களில் பெரும்பாலோர் இப்படி ஒப்பிக்க மட்டும் பழகிய பிள்ளைகளே என்பதை, அந்த வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே ஒன்றாம் வகுப்பில் சேரும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். பத்துக்கு உட்பட்ட எண்களைப் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் நன்றாகப் பழக்கிவிட வேண்டும். நூறு வரை எழுதுவது, இரண்டாம் வாய்ப்பாடு, அபாகஸ் வகுப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் கோவையில் மில்லுக்கும் பட்டறைக்கும் தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளைகள் பகலில் அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோதான் இருக்கிறார்கள். கீழே சொல்லப்போகும் எதற்கும் பள்ளிப் படிப்பு தேவையில்லை என்பதால், பெற்றோரைவிடப் பொறுமையும் நேரமும் உள்ள அந்தப் பெரியவர்கள் இதை இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

எண்ணத் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி

எண்ணுவது ஒரே திறன்போலத் தோன்றினாலும் அதற்குள் பல திறன்கள் அடங்கியிருக்கின்றன. கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் அவற்றை ஐந்து விதிகளாக வகுத்துக் காட்டினார்கள். எண்களின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறாமல் வர வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டுமே சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று தெரிய வேண்டும். கல்லோ பூவோ கைதட்டலோ எதையும் எண்ணலாம் என்று தெரிய வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது என்று தெரிய வேண்டும். ஒப்பித்தல் இவற்றில் முதல் விதியோடு நின்றுவிடுகிறது.

இவற்றுள் மூன்றாவது பிள்ளைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. ஐந்து எலுமிச்சம்பழங்களை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டு ஐந்து வரை சரியாகச் சொன்னதும், “அப்போ மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். உடனே “அஞ்சு” என்று சொன்னால் நல்லது. மறுபடியும் முதல் பழத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், கடைசி எண்தான் விடை என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகத் திட்ட வேண்டாம். நீங்கள் பிள்ளையின் முன்னால் எதை எண்ணினாலும், எண்ணி முடித்தவுடன் அந்தப் பொருள்களைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டு, “மொத்தம் அஞ்சு” என்று சொல்லி முடியுங்கள். இந்தச் சிறு பழக்கம் சில வாரங்களில் பலன் தரும்.

அடுத்து, “எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் ‘ஒன்று’ கேட்டால் மட்டும் சரியாகத் தருவார்கள். பிறகு இரண்டு, அதன்பின் மூன்று என்று ஒவ்வொரு படியாக, இடையில் மாதக்கணக்கில் நின்று நின்று ஏறுவார்கள். உங்கள் பிள்ளை மூன்று வரை சரியாக எடுத்துத் தந்து நான்கில் குழம்புகிறது என்றால், நீங்கள் பழக்க வேண்டிய எண் நான்கு. அதைத் தாண்டிப் பத்துக்கும் இருபதுக்கும் ஓடுவதால் பயனில்லை.

எண்ணும்போது ஒரே பொருளை இரண்டு முறை எண்ணுவதும் ஒன்றை விட்டுவிடுவதும் எல்லாப் பிள்ளைகளும் செய்வதே. பொருள்கள் வட்டமாகவோ குவியலாகவோ கிடந்தால் இது அதிகமாகும். எண்ணி முடித்ததை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டே எண்ணச் சொன்னால் குழப்பம் தீரும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை, பொத்தான், குண்டுமணி எதையும் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். குண்டுமணி நஞ்சு என்பதால் அதை எந்த வயதிலும் தவிர்த்துவிடுங்கள். அந்த வயதுக்குக் கொட்டாங்குச்சி, சோளத்தக்கை, எலுமிச்சம்பழம் போன்ற பெரிய பொருள்களே போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டு வரிசைகளில் ஆறாறு புளியங்கொட்டைகளை நேருக்கு நேராக வைத்து, இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பின், ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பி வையுங்கள். நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொல்வார்கள். ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே இதைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறார். வயது வரும்போது இது தானாகத் தெளியும் என்றாலும், ஒன்றுக்கு ஒன்று இணைத்துப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தால் வழி எளிதாகும். வீட்டில் விருந்து என்றால் இலை போடும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். ஒவ்வொரு இலைக்கும் ஒரு டம்ளர், ஒவ்வொரு இலையிலும் ஓர் ஒப்புட்டு (போளி) என்று வைத்துக்கொண்டே வரும்போது, ஒன்று குறைந்தாலோ மிஞ்சினாலோ பிள்ளைக்குத் தானே தெரிந்துவிடும். எத்தனை ஒப்புட்டு குறைகிறது என்று அடுப்படிக்கு வந்து கேட்டு வாங்கிப் போகச் சொல்லுங்கள்.

முட்டை அட்டை

இந்த வேலைக்கு மிகச் சிறந்த கருவி நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி வரும் அட்டைதான் என்பது என் கருத்து. ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஆறு என்று மொத்தம் 30 குழிகள் உள்ள அந்த அட்டை மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கறை படியாத அட்டையாகப் பார்த்து வாங்கி, வெயிலில் நன்றாகக் காய வைத்து, ஐந்து ஐந்து குழிகளாக இரண்டு வரிசைகள் வருமாறு வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் இப்படி மூன்று துண்டுகள் கிடைக்கும். விளையாடி முடித்ததும் கையைக் கழுவச் செய்யுங்கள். அட்டை வேண்டாம் என்றால் காலண்டர் அட்டையில் பத்துக் கட்டங்கள் வரைந்தாலும் போதும்.

மேல் வரிசையில் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை வைக்கச் சொல்லுங்கள். ஏழு வைத்தால் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருக்கும். ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்று நீங்கள் சொல்லாமலே பிள்ளையின் கண்ணில் படும். அடுத்து, “நெறயறதுக்கு இன்னும் எத்தனை வேணும்?” என்று கேளுங்கள். காலிக் குழிகள் மூன்றையும் தொட்டு எண்ணி “மூணு” என்று பிள்ளை சொல்லும். எட்டு வைத்தால் இரண்டு வேண்டும், ஆறு வைத்தால் நான்கு வேண்டும் என்று நாளுக்கு ஓர் எண்ணாகப் பார்த்து வந்தால், பத்துக்கு எது எதற்குத் துணை என்பது மனப்பாடம் செய்யாமலே பதிந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை எட்டையும் ஐந்தையும் கூட்ட வேண்டிய நாள் வரும். பத்தைப் பற்றிய பிடிமானம் இல்லாத பிள்ளை விரல்களில் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணும். விரல் போதாமல் நடுவில் விட்டுவிடும். அட்டையோடு பழகிய பிள்ளையோ எட்டு நிறைய இரண்டு வேண்டும் என்று ஐந்திலிருந்து இரண்டை எடுத்துக்கொடுத்து, பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று சொல்லும். இடமதிப்பு, கடன் வாங்கிக் கழித்தல், பின்னாளில் பெரிய எண்களை மனத்தில் கூட்டுதல் ஆகிய எல்லாம் இதன்மேல்தான் எழுகின்றன. அதனால்தான் பத்துக்குள் ஓர் ஆண்டைச் செலவிட்டாலும் வீணில்லை என்கிறேன்.

பிள்ளை அட்டையோடு நன்றாகப் பழகியதும், அதை ஒரு துண்டால் மூடி, ஒரு கணம் திறந்து காட்டி, மறுபடியும் மூடிவிட்டு எத்தனை இருந்தன என்று கேளுங்கள். மூன்று நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே பார்த்தவுடன் சொல்லும் ஆற்றல் மனிதர்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. அதற்கு மேற்பட்டதைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத்தான் கண்டறிகிறோம். “நீ எப்படிப் பார்த்தே?” என்று கேட்கத் தவறாதீர்கள். “மேல அஞ்சு, கீழ ஒண்ணு” என்று ஒரு பிள்ளையும், “மூணும் மூணும்” என்று இன்னொரு பிள்ளையும் சொல்லலாம். இரண்டும் சரியே. விடையைவிட அந்த விளக்கம்தான் கேட்பவருக்கு அதிகம் சொல்லும்.

பல்லாங்குழியும் அஞ்சாங்கல்லும்

பழைய விளையாட்டுகள் எல்லாமே கணக்குக்கு நல்லவை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் இந்த இரண்டும் உண்மையிலேயே நல்லவை. பல்லாங்குழிக்கு ஏழேழாகப் பதினான்கு குழிகள். பெரியவர்கள் ஆடும்போது குழிக்கு ஐந்து என்று எழுபது காய்கள் வைப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது மிக அதிகம். ஆளுக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று காய் என்று தொடங்குங்கள். குழிக்கு ஒன்றாகக் காயைப் போட்டுக்கொண்டே போவது ஒன்றுக்கு ஒன்று இணைக்கும் பயிற்சி. கடைசிக் காய் போட்டபின் அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைப்பது, ஒன்றுமில்லாமையைப் பிள்ளைக்குக் காட்டுகிறது. சுழியம் என்ற எண்ணைப் பள்ளியில் எழுதும்போது அந்தக் காலிக் குழி நினைவுக்கு வரும்.

ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் முறை பல ஊர்களில் உண்டு. யார் முதலில் பசுவைக் காண்கிறார்கள் என்ற ஆவலில் பிள்ளையின் கண் குழிகளையே சுற்றிக்கொண்டிருக்கும்.

“அப்பத்தா, பசு!”

“எண்ணாமயே எப்படிங் கண்ணு சொன்னே?”

“ரெண்டும் ரெண்டுமா இருக்குதுங்க அப்பத்தா.”

ஆடும் பெரியவர் இப்படி ஒரு கேள்வியை நடுவில் போட்டுக்கொண்டே இருந்தால் போதும். தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்ததும் இருவரின் காய்களையும் ஜோடி ஜோடியாக எதிரெதிரே அடுக்கி, யாரிடம் எத்தனை அதிகம் என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். எத்தனை அதிகம் என்ற கேள்வியில்தான் கழித்தல் தொடங்குகிறது.

அஞ்சாங்கல்லில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் இருக்கும் நான்கு கற்களை முதலில் ஒவ்வொன்றாகவும், அடுத்து இரண்டிரண்டாகவும், பிறகு மூன்றும் ஒன்றுமாகவும், இறுதியில் நான்கையும் சேர்த்தும் அள்ளுவார்கள். நான்கு என்ற எண்ணை எத்தனை வகையாகப் பிரிக்கலாம் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையால் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க முடியாது. தூக்கிப் போடும் பகுதியை விட்டுவிட்டு, தரையில் அள்ளும் பகுதியை மட்டும் ஆடச் செய்யுங்கள். அது கைவந்ததும் ஐந்து, ஆறு கற்களை இரு கைகளிலும் பிரித்து மறைத்துக்கொண்டு, ஒரு கையைத் திறந்து காட்டி, மூடிய கையில் எத்தனை என்று கேளுங்கள். கூட்டல் குறியோ சமக் குறியோ இந்த வயதில் தேவையே இல்லை.

வாசலில் பத்துக் கட்டம்

வாசலிலோ களத்திலோ சாக்பீஸால் ஒரே நேர்கோட்டில் பத்துக் கட்டங்கள் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒன்றும் இரண்டும் மட்டும் விழுகிற மாதிரி ஒரு சோழியை வைத்துக்கொள்ளலாம்: நிமிர்ந்து விழுந்தால் ஒன்று, கவிழ்ந்து விழுந்தால் இரண்டு. விழுந்த எண்ணிக்கைக்கு ஏற்ப நகர்ந்து பத்தை முதலில் அடைபவர் வெல்வார். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற நேர்கோட்டு எண் பலகையில் சில முறை மட்டுமே ஆடிய மழலையர்களுக்கும் எண்களைப் பற்றிய அறிவு கூடியிருந்தது. வண்ணங்கள் மட்டும் உள்ள பலகையில் ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

நகரும்போது சொல்லும் முறையில் கவனம் வேண்டும். ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லி நகர விடாமல், “ஆறு, ஏழு” என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகரச் செய்யுங்கள். நிற்கும் எண்ணிலிருந்து மேலே எண்ணிப் போகும் இந்தப் பழக்கம்தான் பின்னர் கூட்டலாகிறது. பரமபதம் ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆடலாம், ஆனால் நூறு கட்டங்கள் வரிசைக்கு வரிசை திசை மாறிப் போவதால் இந்த வயதுக்கு அது இரண்டாம் இடம்தான்.

எந்த மொழியில் எண்ணுவது

ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கப் போவதால் வீட்டிலும் ஒன், டூ என்றே பழக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கையின் பொருள் பிடிபடும் வரை பிள்ளை எந்த மொழியில் பேசி விளையாடுகிறதோ அந்த மொழியிலேயே எண்ணட்டும். தமிழில் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஒவ்வொன்றிலும் பத்து முன்னால் நிற்பதால், பத்துக்கு மேல் போகும்போது பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் என்று முட்டை அட்டையில் வைத்துக் காட்டுவது எளிது. லெவன், ட்வெல்வ் ஆகியவற்றில் பத்து வெளியே தெரிவதில்லை; ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் பிள்ளையின் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். அளவு தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர்கள் பிறகு ஒட்டிக்கொள்ளும். தமிழிலும் தொண்ணூறு போன்ற இடங்களில் வரிசை தடுக்கும் என்றாலும், அந்தத் தொலைவுக்கு இப்போது போக வேண்டியதில்லை.

அளவைச் சொற்களில் நாம் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். உயரமான தென்னையும் பெரிசு, கனமான மூட்டையும் பெரிசு, நீளமான கயிறும் பெரிசு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பேசிவிடுகிறோம். உயரம், நீளம், அகலம், கனம், ஆழம் என்று உரிய சொல்லைச் சொல்லுங்கள். திசை விஷயத்தில் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது: “கெழக்கால தோட்டத்துக்குப் போ”, “வடக்கால ரூமுல வெச்சிருக்குது” என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே வளர்கிறார்கள். அந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள். இடம் பற்றிய அறிவும் கணக்கைச் சேர்ந்ததே.

அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அரிசி அளக்கும்போது டம்ளரைப் பிள்ளையிடம் கொடுத்து, தலை தட்டி அளக்கச் சொல்லுங்கள். பவானி ஜமுக்காளத்தை விரித்தால் அதில் உள்ள வண்ணப் பட்டைகளை ஓரத்திலிருந்து வரிசையாகச் சொல்ல வைத்து, அடுத்து எந்த நிறம் வரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். சந்தை நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் மடக்கிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. ஒன்றாம் வகுப்புப் பாடநூலில் வடிவங்கள், எண்கள், அமைப்புகள், அளவைகள் என்று வரும் பகுதிகளுக்கு இவையெல்லாம் முன்பழக்கம்.

எழுதுவது பற்றி

எண்களை எழுதும் அவசரம் வேண்டாம். நான்கு வயதுக் கை விரல்களுக்குப் பென்சிலை நெடுநேரம் பிடிக்கும் வலு இன்னும் வந்திருக்காது. தட்டில் பரப்பிய ராகி மாவிலோ மணலிலோ விரலால் எழுதட்டும். கோலப் புள்ளி வைக்க விடுங்கள். யுகேஜி முடியும்போது 1 முதல் 10 வரை எழுதத் தெரிந்தால் போதும். 3, 7 போன்றவற்றை இடவலம் மாற்றி எழுதுவது ஆறேழு வயது வரை இயல்பானதே. அதற்காக ஒரு பக்கம் முழுக்க எழுது என்று தண்டனை கொடுத்தால், பிள்ளைக்குக் கணக்கின்மேல் வெறுப்பு வருவதுதான் மிச்சம். விரல் விட்டு எண்ணுவதையும் தடுக்காதீர்கள். விரலை நம்பி எண்ணும் பிள்ளை, தேவை தீர்ந்ததும் தானே விட்டுவிடும்.

பள்ளி கொடுக்கும் வீட்டுப்பாடம் நூறு வரை எழுது என்று இருந்தால் என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆசிரியரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகப் பேசுங்கள். பிள்ளை பத்து வரை பொருளோடு எண்ணுகிறது, எழுதுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தமிழக அரசு 2022-23 கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பொருள்களையும் செயல்பாடுகளையும் வைத்தே கணக்கைக் கற்பிக்கிறது. எனவே கையால் எண்ணிப் பழகிய பிள்ளை அந்த வகுப்பில் பின்தங்காது. தனியார் பள்ளிக் கட்டணம் சுமையாக இருப்பவர்கள் அருகில் உள்ள அங்கன்வாடியையும் பார்க்கலாம். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன.

ஒரு நாளைக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், ஏனெனில் இந்த வயதில் ஆறு மாத வித்தியாசம்கூட மிகப் பெரியது.

ஐந்தரை வயதைத் தாண்டியும், தொடர்ந்து பழக்கியும், மூன்று பொருள்களைச் சரியாக எடுத்துத் தர முடியவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். சரியாகக் கேட்காத பிள்ளை எண்களின் பெயர்களைக் குழப்பிக்கொள்ளும். கண் சரியாகத் தெரியாத பிள்ளை பொருள்களை விட்டுவிட்டு எண்ணும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் இதைச் சொல்லலாம். தேவைப்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது பிள்ளை எந்த எண் வரை எடுத்துத் தருகிறது, எங்கே குழம்புகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.